எந்தப் படகு?

என் கணவர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணையில் பரிசலில் மீன் பிடித்தவர். ஒரு வருடம் அணை வற்றிப்போகவே, பரங்கிப்பேட்டையில் இருந்த என் அக்கா கணவரோடு சேர்ந்து கழிமுகத்தில் தொழில் செய்யலாம் என்று கிளம்பினோம். அங்கே பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். அதற்கேற்ற படகு வேண்டும்.

பழைய படகுகள் இரண்டு விற்பனைக்கு இருந்தன. முதலில், அடிப்பக்கம் கூராக இருந்த படகில் ஏறினோம். கொஞ்ச தூரத்திலேயே சேற்றில் தட்டி நின்றது, இறங்கித் தள்ளினோம். அடி தட்டையாக இருந்த மற்றப் படகு எங்கேயும் தட்டவில்லை. ஆனால் காற்று அடித்ததும் பக்கவாட்டில் போய்க் கரையோரச் சதுப்பில் வளர்ந்த சுரபுன்னைப் புதருக்குள் எங்களைச் சொருகியது.

“தட்டையையே எடுத்துக்க,” என்றார் அக்கா கணவரான மாமா. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரோ, “அது அலைக்குக் கவுந்துடும்,” என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். “இன்னா சொல்ற? எனக்கு ஒண்ணும் புரியல.”

நான் கடலையே அன்றுதான் பார்த்தேன். “எதுல உங்களுக்குப் பயம் கம்மியா இருந்துச்சு?”

“ரெண்டுலயும் ஒதறிக்கினுதான் வந்தேன்.”

மாமா சிரித்துவிட்டார். கடைசியில் தட்டையானதையே எடுத்தோம். காற்று பலத்த நாள்களில் கணவர் அதை இறக்குவதில்லை. கரையில் உட்கார்ந்து, “அந்தக் கூரானத்த வாங்கியிருக்கலாமோ?” என்பார். எனக்கு இன்றுவரை தெரியவில்லை.