குகதாசன் ருசி பார்க்காத வெள்ளிக்கிழமை

ஓபர்மாட்டில் வியாழக்கிழமைதோறும் உள்ளூர்ப் பத்திரிகை வரும். சுவிஸில் பேர்ணுக்கும் ஃப்ரிபூர்க்குக்கும் நடுவில், கடுகதி ரயில் திரும்பியும் பார்க்காமல் போய்விடுகிற ஊர் அது. அங்கே என்ன பெரிய செய்தி வந்துவிடப் போகிறது? பாதிரியார் வீட்டுப் பூனை காணாமல் போனது, பூனை திரும்பி வந்தது, சுற்றுவட்டத்துப் பூச்செடிகளை எவனோ பிடுங்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான். ஆனால் அந்த நவம்பரில் முதல் பக்கத்தில் குகதாசனின் படம் வந்தது. மனுசன் படத்தில் சிரிக்கவேயில்லை. சிரிக்கிற நிலைமையிலும் அவர் இல்லை.

குகதாசன் யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, ஊர்ச் சந்தியில் இருக்கிற 'க்ரோனே' உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, வெங்காயம் உரித்து, கடைசியில் அடுப்பையே தன் கைக்குள் கொண்டுவந்தவர். முதலாளி அம்மா ஃப்ரேனி இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். கட்டடமோ ஊராரே பங்கு போட்டு வாங்கி வைத்திருப்பது. அடுத்து யாரிடம் குத்தகைக்குக் கொடுப்பது என்று ஊர்க் குழு கூடி முடிவெடுக்கும். குகதாசன் கேட்டிருந்தார். அவருக்கு இல்லையென்றால் க்ரோனேயை இடித்து மாடிவீடுகள் கட்டுவதாகப் பேச்சு. அப்படி நடந்தால் அவருக்கு வேலையும் போய்விடும், இவ்வளவு காலம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ஆசையும் போய்விடும்.

குழு ஒரு சோதனை வைத்தது. அதற்கு அவர்கள் சோதனை என்று பெயர் வைக்கவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். அதுதான் மெட்ஸ்கெட்டே, இலையுதிர் காலத்துப் பன்றி விருந்து. ரத்த சொசேஜஸ், ஈரல் சொசேஜஸ், புகையில் வாட்டிய விலா, புளிக்க வைத்த முட்டைக்கோவா, வெங்காயக் குழம்பு என்று மேசை நிறைந்துவிடும். வருடம் முழுக்கக் க்ரோனே பக்கம் தலை காட்டாதவனும் அன்றைக்கு மனைவி மக்களோடு வந்து உட்கார்ந்துவிடுவான். இத்தனை வருடமும் ஃப்ரேனியின் பெயரில் நடந்த விருந்து, இந்த முறை குகதாசனின் பெயரில்.

குழுவில் வால்டர் என்றொருவர் இருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். வாய் சும்மா இருக்காது. பத்திரிகைக்கே எழுதிப் போட்டுவிட்டார்: குகதாசன் நல்ல மனிதர், கடும் உழைப்பாளி, ஆனால் மெட்ஸ்கெட்டேயின் ருசி இங்கே பிறந்த நாக்குக்குத்தான் தெரியும் என்று. அந்த 'ஆனால்' குகதாசனுக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

இதெல்லாம் போதாதென்று, அவரும் தன் பங்குக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். கோடை காலத்தில் குழு திகதி கேட்டபோது, பெரிய மனுசத் தோரணையில், வழக்கம்போல நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு வந்தார். தமிழ்க் கடை கொடுத்த கலண்டர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டாமா? ஐப்பசி முடிகிற நேரத்தில் மனைவி தயாநிதி புரட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி நின்றாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை பன்றி விருந்து கந்தசஷ்டிக்கை வருது. அடுத்த நாள் சூரன்போர்."

அதற்குள் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, இறைச்சிக்குச் சொல்லியாகிவிட்டது, தீயணைப்புப் படையின் வாத்தியக் குழுவும் வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டது. இனி எங்கே மாற்றுவது?

சாதாரண வெள்ளி என்றால் பரவாயில்லை. வெள்ளியில் மச்சம் மாமிசம் சாப்பிடாதவர்தான், ஆனாலும் தொழிலுக்காக நாக்கு நுனியில் வைத்துப் பார்க்க முருகனிடம் எப்போதோ அனுமதி வாங்கி வைத்திருந்தார். கந்தசஷ்டி அப்படியில்லை. பிள்ளையில்லாமல் பல வருடம் ஏங்கி, இந்த விரதம் பிடித்துப் பெற்றவள்தான் அவர்களின் மகள் பிரசாந்தினி. இன்றைக்கு லோசானில் படிக்கிறாள். அவள் பிறந்த பிறகு குகதாசன் ஒரு வருடமும் விட்டதில்லை. பகலில் தண்ணீர், பொழுதுபட்டால் பாலும் பழமும். முன்பும் விரதமும் விருந்தும் சேர்ந்து வந்ததுண்டு. அப்போதெல்லாம் ஃப்ரேனி கரண்டியோடு வந்து, ருசி பார்த்து, உப்புப் போதாதென்றால் விரலால் சைகை காட்டிவிட்டுப் போய்விடுவார். வெளியே யாருக்கும் தெரியாது. இந்த முறை ஃப்ரேனி முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக ஃப்ரிபூர்க் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அடுப்பில் எல்லாம் கொதிக்கிறது. ருசி பார்க்க ஆளில்லை. உதவிக்கு நிற்கிற ஷ்பிரேசா கொசோவோக்காரி, முஸ்லிம். பன்றியைத் தொடமாட்டாள். பரிமாறுகிற லேயா இந்த ஊர்ப் பெண்தான், ஆனால் பாலும் முட்டையும்கூட வேண்டாமென்று மரக்கறியோடு வாழ்கிறவள். ஒரு பன்றி விருந்துக்கு இப்படியொரு படையை வேறு எந்தக் கடவுள் அமர்த்திக் கொடுப்பார்!

குகதாசன் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினால் என்ன என்று தயாநிதி கேட்டாள். அது கள்ள விரதம் என்றார் இவர்.

"அப்ப மறைக்காதேங்கோ. முருகனுக்குத் தெரிஞ்சது வால்டருக்கும் தெரியட்டுமன்," என்றாள் அவள்.

விளையாட்டாகச் சொன்னாளோ, வெப்பிசாரத்தில் மனம் எரிந்து சொன்னாளோ, அவருக்கு விளங்கவில்லை. ருசி பார்க்காமல் அனுப்பினால் மானம் போகும். ருசி பார்த்தால் மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஏப்ரனைக் கழற்றாமலே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

ஊர்க்காரர்களுக்கென்றே ஒதுக்கிய வட்ட மேசை ஒன்று கணப்படுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. வேற்றாள் அதில் உட்கார முடியாது. குகதாசனும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதில் உட்கார்ந்ததில்லை. வால்டர் வேளைக்கே வந்து நடுவில் அமர்ந்திருந்தார். குகதாசன் மேசைக்கு முன்னால் நின்றார்.

"எனக்கு இண்டைக்கு விரதம். ஒண்டும் வாயிலை வைக்கேலாது. ஆராவது வந்து ருசி பாத்துச் சொல்லுங்கோ," என்று பேர்ண் ஜெர்மனில் சொன்னார்.

எத்தனை நாளாக விரதம் என்று வால்டர் விசாரித்தார். இன்றைக்கு ஐந்தாம் நாள், ஞாயிறு விடியத்தான் சாப்பாடு என்று சொன்னதும், மனுசன் கையில் எடுத்த பியர்க் கிளாஸை அப்படியே திருப்பி வைத்தார்.

"அஞ்சு நாளாச் சாப்பிடாமலோ இவ்வளவையும் சமைக்கிறாய்?"

"ஓம்."

வால்டர் எழுந்தார். சமையலறைக்கு வந்து கரண்டி கேட்டார். வெங்காயக் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு உப்புக் காணாது என்றார். அது அநியாயம், உப்புச் சரி, வைன்தான் காணாது என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தார் வெதுப்பகக்காரர். கோவாவுக்கு இன்னும் கொஞ்சம் சீரகம் வேண்டும் என்று வாத்தியக் குழுவின் தலைவி வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் வட்ட மேசை முழுவதும் சமையலறைக்குள் வந்துவிட்டது. ஆளுக்கொரு கரண்டி, ஆளுக்கொரு சண்டை. ஷ்பிரேசா சிரிப்பை அடக்க முடியாமல் பின்கதவால் வெளியே ஓடினாள். குகதாசன் எல்லாருக்கும் தலையாட்டினார். கேட்டதில் பாதியைப் போட்டார், மீதியைப் போடுவதுபோல் காட்டினார். சமையல்காரன் என்றால் பின்னே எதற்கு?

அன்று ஒரு தட்டும் மிச்சத்தோடு திரும்பி வரவில்லை. தாங்களே உப்புப் போட்ட குழம்பை யார்தான் குறை சொல்வார்கள்? வால்டர் மேசை மேசையாகப் போய், குழம்பு தன் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பத்திரிகைக்காரப் பெண் படம் எடுத்தது அப்போதுதான். குகதாசன் சிரிக்கவில்லை என்றேனே, பசி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சிரிப்பு எப்படி வரும்?

சனிக்கிழமை குழு கூடியது. குகதாசனும் தயாநிதியும் பேர்ணில் பூம்ப்ளிஸ் பக்கத்து முருகன் கோயிலில் சூரன்போர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொலைபேசி அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அடிக்கவில்லை. முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்ல இந்த ஊர் ஆட்களுக்கு வராது, கடிதம்தான் வரும் என்று குகதாசன் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிறு விடிய, விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாறணை. தயாநிதி இருட்டோடு எழும்பி, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் செய்து முருகன் படத்துக்குப் படைத்தாள். இலை போடுகிற நேரத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் வால்டர்! தேவாலயத்துக்குப் போகிற கோட்டும், சட்டைப்பைக்குள் க்ரோனேயின் கரண்டியும்.

அவரையும் உட்கார வைத்து இலை போட்டார்கள். வால்டர் தொடவில்லை. குகதாசன் முதல் வாய்ச் சோற்றை விழுங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் கத்தரிக்காயில் கரண்டியைப் போட்டார். மெல்ல மென்றார். உப்புக் காணாது என்றார்.

தயாநிதிக்கு வெட்கமாகிவிட்டது. சாமிக்குப் படைக்கிறதை ருசி பார்ப்பதில்லை என்று மெல்லச் சொன்னாள்.

"அப்ப வாற வருஷம் இதுக்கும் என்னைக் கூப்பிடுங்கோ," என்றார் வால்டர். "க்ரோனேயின்ரை புது முதலாளி வீட்டிலை உப்பில்லையெண்டு பேப்பரிலை வந்தால் ஊருக்கல்லோ வெக்கம்."

தயாநிதி முருகன் படத்தைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள். குகதாசனுக்குக் கண் நிறைந்து இலை தெரியாமல் போயிற்று. எழுந்து போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து வால்டரின் கையில் கொடுத்தார்.