கை சொன்ன எடை

பிரசவ வார்டில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தவள் அவள். அங்கே மூன்றாம் நாளே தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பால் சரியாகச் சுரப்பதே அதற்குப் பிறகுதான். ஆனால் அடுத்த வலிக்காரி கட்டிலுக்குக் காத்திருக்கும்போது யாரைப் பிடித்து வைப்பது? கையில் பால் பவுடர் டப்பாவோடு லிப்டுக்குள் போகும் பெண்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதில், மகள் வயதுப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்து, தாய்ப்பால் ஆலோசகர் என்று சான்றிதழ் வாங்கினாள். வார்டு வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள்.

கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "நான் கேஸ் நிரப்புறேன், நீ பால் நிரப்புற. ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்பார். அடுக்குமாடிக் காவலாளிகள் வருகைப் பதிவேட்டில் அவள் வந்த காரியத்தைப் 'பால்' என்று மட்டும் எழுதினார்கள். ஒருவர், பாக்கெட் எங்கே என்றுகூடக் கேட்டிருக்கிறார்.

முதல் வருகைக்கு ஒரு தொகை. அடுத்த இரண்டு வருகைக்கும் சேர்த்து அதில் பாதி. மொத்தத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுவாள். "தாய்ப்பால் குடுக்கிறதுக்குக்கூடவா காசு?" என்று வாசலிலேயே கேட்டவர்கள் உண்டு. அவள் கோபப்பட மாட்டாள். "பாலுக்கு இல்லம்மா. பக்கத்துல உட்கார்றதுக்கு" என்பாள். உண்மையிலேயே அவள் வேலை அதுதான். போனதும் அரை மணி நேரம் வாயே திறக்க மாட்டாள். ஒரு முறை பால் கொடுப்பதை முழுதாகப் பார்ப்பாள். பிறகு தலையணையை ஒரு சாண் நகர்த்துவாள், தாயின் தோளைத் தளர்த்தி விடுவாள், பிள்ளையின் தாடையை ஒரு விரலால் சற்றுக் கீழே இறக்குவாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண் மூச்சை விடுவாள். பலர் அந்த இடத்தில் அழுதுவிடுவார்கள்.

இன்னொரு விஷயத்திலும் அவளுக்குப் பெயர் இருந்தது. குழந்தையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். வார்டில் டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். ஐம்பது கிராமுக்கு மேல் அவள் தப்பியதில்லை. காசு கொடுத்து டீ குடித்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

அந்த வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. அன்றைக்கு அது மூன்றாவது வீடு. லிப்ட் ஓடவில்லை. எடை பார்க்கும் கருவி ஒரு கனமான பை. மற்ற நாள் என்றால் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பாள். அன்றைக்குக் காலையிலிருந்தே இடுப்பு பிடித்திருந்தது. பையைக் காவலாளியின் மேஜைக்கடியில் வைத்துவிட்டு மேலே போனாள்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். தலைப்பிள்ளை, ஆண் குழந்தை, பிறந்து ஐந்து நாள். மாமியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் மூடி திறக்காத பவுடர் டப்பாவோடுதான் கதவைத் திறந்தார்.

"நாலு நாளா ஒரே அழுகை. இன்னைக்குத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கான். ஒரு பாட்டில் கலந்து குடுன்னா இவ கேக்க மாட்டேங்குறா. உங்களுக்குக் குடுக்கிற காசு அவ சொந்தக் காசு, அதுல நான் தலையிடல. ஆனா பிள்ளைய பட்டினி போடக்கூடாது பாருங்க."

"பார்த்துட்டுச் சொல்றேன்ம்மா" என்றாள் அவள்.

மார்பில் காயம் இருந்தது. பிள்ளை பிடித்திருந்த விதம் தப்பு. மாற்றிக் காட்டினாள். பிள்ளை பத்து நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கிப்போனது. "வலிக்கல, சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண், நம்பாதவள் போல. "வலிக்கவே இல்ல."

கெட்டித் துண்டில் சுற்றியிருந்த பிள்ளையை அப்படியே வாங்கி நர்ஸ் கையில் ஏந்திப் பார்த்தாள். துண்டுக்கு இவ்வளவு என்று மனதுக்குள் கழித்தாள். அவிழ்த்தால் விழித்துக்கொள்வான் என்று நினைத்தாள்.

"மூணு கிலோவுக்கு நூறு கிராம் குறைச்சல். பிறந்த எடை மூணு கிலோ நூறுதானே? இந்தக் குறைவு எல்லாருக்கும் வர்றதுதான். பாட்டில் வேண்டாம். ரெண்டு நாள் பொறுங்க. நான் மறுபடி வந்து பார்க்கிறேன்."

மாமியார் டப்பாவைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

மறுநாள் மதியம் அவள் வேறொரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகளோடு போராடிக்கொண்டிருந்தபோது குரல் செய்தி வந்தது. "சிஸ்டர், ரொம்பத் தூங்குறான். எழுப்பினாலும் சரியா குடிக்கல. காலையில இருந்து ஒரு தடவைதான் ஈரம் பண்ணியிருக்கான். அத்தை பயப்படுறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் பதில் பேசி அனுப்பினாள். "இத்தனை நாள் அழுது களைச்சிருப்பான். காலைத் தேய்ச்சு எழுப்பிக் குடுங்க. நாளைக்குக் காலையில முதல் வேலையா உங்க வீட்டுக்குத்தான் வர்றேன்."

நல்ல எடையில் இருக்கிற பிள்ளைக்கு அது சரியான பதில்தான். பிறகு அவள் அந்தச் செய்தியை எத்தனையோ தடவை போட்டுக் கேட்டாள். தன் குரலில் இருந்த அவசரம் அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

காலையில் கதவைத் திறந்தது அந்தப் பெண்ணின் கணவன். இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தான், சட்டைகூட மாற்றவில்லை. அவள் உள்ளே போய்த் துண்டை அவிழ்த்தாள். பிள்ளை கால் வரைக்கும் மஞ்சள் பூத்துக் கிடந்தது. கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுந்தது. உதடு காய்ந்திருந்தது. "கிளம்புங்க, இப்பவே" என்றாள். படியிறங்கும்போது பிள்ளையை அவள்தான் வைத்திருந்தாள். ஐந்து மாடியும் அந்த எடை அவள் கையில் இருந்தது. இரண்டரை கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருக்காது. அப்போது கை சரியாகச் சொன்னது.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் கேள்வி கேட்டுக்கொண்டே எழுதினார்.

"நடுவுல எப்பவாவது எடை பார்த்தீங்களா?"

"அஞ்சாம் நாள் சிஸ்டர் பார்த்தாங்க" என்றாள் தாய். "மூணு கிலோவுக்கு நூறு குறைச்சல்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். "இப்போ ரெண்டரை. ரெண்டு நாள்ல நானூறு கிராம் கரைஞ்சிருக்கு." தாயைப் பார்த்தார். "இந்த ரெண்டு நாளா என்னதாம்மா குடுத்தீங்க?"

"பால்தான், டாக்டர்" என்றாள் அந்தப் பெண். கணவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையை நர்ஸும் பார்த்தாள். பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

மஞ்சள் காமாலை முற்றியிருந்ததால் பிள்ளைக்கு இரத்தம் மாற்றினார்கள். பதினோரு நாள் நீல விளக்கின் அடியிலும் கண்ணாடிப் பெட்டியிலும் கிடந்து, பிழைத்து வீட்டுக்குப் போனான். அவள் தினமும் போனில் விசாரித்தாள். நேரில் ஒரு நாள்கூடப் போகவில்லை. மற்ற வீடுகளுக்குப் போனாள். கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டே எல்லாப் படிகளும் ஏறினாள். சோறு இறங்கவில்லை. கணவர் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "உங்க விசிட் இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே, சிஸ்டர். எனக்குப் பால் வத்திப்போச்சு. திரும்பக் கொண்டுவர முடியுமான்னு பார்க்கணும்."

போனாள். அந்தப் பெண் பாதி ஆகியிருந்தாள். பிள்ளை மாமியார் மடியில் பாட்டில் குடித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் போனதும் அந்தப் பெண் வழக்கம்போல ரவிக்கைக் கொக்கியில் கை வைத்தாள்.

"இருங்கம்மா" என்றாள் இவள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் எடை பார்க்கல."

"பார்த்தீங்களே. தூக்கிப் பார்த்தீங்க."

"தூக்கித்தான் பார்த்தேன். மெஷினைக் கீழேயே வச்சுட்டு வந்துட்டேன். துண்டைக்கூட அவிழ்க்கல. அன்னைக்கே அவன் எடை இறங்கித்தான் இருந்திருக்கணும். அழுகை அடங்கினதே தெம்பில்லாமத்தான். போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நானே பாட்டில் குடுக்கச் சொல்லியிருப்பேன். ரெண்டு நாள்ல கரைஞ்சதில்ல அது. உங்க மேல தப்பே இல்லம்மா."

அந்தப் பெண் கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். வெளியே மாமியார் பிள்ளையின் முதுகைத் தட்டும் சத்தம் கேட்டது.

"டாக்டர் கேட்டப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"என் வீட்டுக்காரர் என்கிட்ட முகம் குடுத்துப் பேசி மூணு வாரம் ஆச்சு, சிஸ்டர். பிள்ளைய நான்தான் பிடிவாதத்துல பட்டினி போட்டேன்னு நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். தூங்கினா அதுதான் கனவுல வருது." குரல் உயரவே இல்லை. "எடை பார்க்காததைக்கூட விட்டுடலாம். அங்கயே சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

வாங்கிய தொகை முழுவதையும் ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தாள். அதைக் கட்டில் மேல் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் அந்தப் பெண். "இதை வாங்கிட்டா தீர்ந்துபோன மாதிரி இருக்கும்."

அன்று மதியமே மருத்துவமனைக்குப் போய், வெளி நோயாளிகள் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, அந்த டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் பிள்ளையின் ஃபைலை வரவழைத்து ஒரு வரி சேர்த்தார். "சொன்னது நல்லதுதான். ஆனா அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நான் செஞ்ச வைத்தியம் மாறியிருக்காது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவனுடைய தொலைபேசி எண்ணை அவரிடமே கேட்டு வாங்கி அவனிடமும் சொன்னாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, "சரி" என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒப்புக்கொண்ட வீடுகளை மட்டும் முடித்துக் கொடுத்தாள். புதிதாக யாரையும் எடுக்கவில்லை. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தது, புதுப்பிக்கவில்லை. மகளுக்கு விஷயம் தெரிந்து, "ஒரே ஒரு தடவைதானேம்மா, எத்தனை பிள்ளைங்களுக்கு நல்லது பண்ணியிருக்க" என்றாள். "அந்தத் தாய்க்கு அது ஒரே பிள்ளை" என்று சொல்லிவிட்டு இவள் எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். ஒரு கிளினிக்கில் தடுப்பூசிப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் பாதிக்கும் குறைவு. டோக்கன் எண்ணைக் கூப்பிட வேண்டும், அட்டையில் தேதி எழுத வேண்டும், ஊசி போட வேண்டும். யாருடைய வீட்டுக்கும் போக வேண்டியதில்லை.

அங்கே இருக்கும்போதுதான் ஒரு நாள் மாமியாரிடமிருந்து போன் வந்தது. பிள்ளைக்கு நான்கு மாதம் முடிந்திருந்தது.

"சண்டை போடக் கூப்பிடல" என்று ஆரம்பித்தார். "காது டெஸ்ட் எடுத்தாங்க. வலது காது சுத்தமா கேக்கலையாம். இடதுல கொஞ்சம் இருக்குதாம். மஞ்சள் மூளை வரைக்கும் ஏறினதால வந்ததுன்னு சொல்றாங்க. காதுல மெஷின் மாட்டி, பேச்சுப் பயிற்சி குடுக்கணுமாம். இவ மறுபடி ஆபீஸ் போறா. பிள்ளை என்கிட்டதான் இருக்கான்."

இவள் தேதி எழுதிக்கொண்டிருந்த அட்டையை மூடி வைத்தாள்.

"என் மகன் இப்போ அவகிட்ட பேசுறான். நீங்க போன் பண்ணினதுக்கு அப்புறம்தான். அது ஒரு நல்லது." பிள்ளை ஏதோ ஒலி எழுப்புவது போனில் கேட்டது. "உங்களுக்குத் தெரியணும்னு எனக்குத் தோணிச்சு. அவளுக்குத் தெரியாது நான் பேசுறது. இனிமே நீங்களும் கூப்பிட வேண்டாம்மா."

"சரிம்மா."

போனை மேஜை இழுப்பறையில் வைத்துக் கையைக் கழுவிக்கொண்டாள். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.