வாசல் வழியே சென்ற தேக்குப் பலகைகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைக் கொடுக்கும்போது, அழுகையைவிடப் பெருமையே எனக்கு மிகுதியாக இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதுகிறான்.

அண்ணன் பிறந்தது முத்தாபுதுப்பேட்டையில். பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த எங்கள் பெற்றோர் காலராவில் அடுத்தடுத்துப் போய்விட, அவர்தான் என்னை வளர்த்தார். ரயில் பெட்டி கட்டும் பட்டறையில் மரம் சுமக்கச் சேர்ந்தவர், முதல் வகுப்புப் பெட்டிகளின் உட்சுவரில் தேக்குப் பலகை பதிக்கும் வேலையில் தேர்ந்தார். நான் அரக்குப் பாலிஷ் போடக் கற்றுக்கொண்டேன்.

அயனம்பாக்கத்து நிலக்காரர் ஒருவர் அப்படியொரு பெட்டியில் பயணம் செய்துவிட்டு, மகள் திருமணத்துக்குள் தம் கூடத்துச் சுவர்களையும் அதுபோல் அமைக்கச் சொன்னார். நான்கு மாதம் இழைத்து, கொடியும் மாங்காயும் செதுக்கி, ஆளுயரச் சட்டங்களாக மூட்டி வண்டியில் கொண்டுபோனோம்.

எங்கள் சாதியார் அந்த வாசலை மிதித்ததில்லை. நிலக்காரரின் கணக்குப்பிள்ளை தடுத்தார்.

“கொல்லைப் பக்கமா எடுத்துக்கினு வா.”

“அந்தச் சந்துல இது திரும்பாதுங்க” என்றார் அண்ணன்.

“அப்போ ரெண்டா வெட்டு. இல்லாட்டி எங்க ஆளுங்க வாசல் வழியா தூக்கியாரட்டும். நீ கொல்லைப் பக்கமா வந்து மாட்டு.”

“பலகை போற வழியிலதான் நானும் போவேன். இல்லாங்காட்டி பலகையும் நானும் வெளியிலயே கீறோம்.”

“இன்னாத்துக்குண்ணா வம்பு? போயிடலாம்” என்றேன்.

“நீ கண்ணாடி மாதிரி தேச்சதை வெட்டச் சொல்றான். போறதா?”

மூன்று நாள் ஏரிக்கரையில் வண்டியோடு கிடந்தோம். மழைக்கு வானம் கருத்தது, தார்ப்பாய் ஒன்றுதான் காவல். பூந்தமல்லியிலிருந்து வரவழைக்கப்பட்ட இரண்டு தச்சர்கள் மூட்டுகளைப் பார்த்துவிட்டு, “செஞ்சவர்தான் மாட்டணும்” என்று திரும்பிவிட்டார்கள்.

நான்காம் நாள் காலை நிலக்காரரே வந்தார். “எத்தினி நாள் இங்க இருக்கிறதா எண்ணம்?”

“நீங்க வாசலைத் திறக்கிற வரைக்கும், ஐயா.”

அவர் தார்ப்பாயை விலக்கிப் பலகைகளைப் பார்த்தார். பிறகு, “வாங்க” என்றார்.

அண்ணன் முன்னால், பாலிஷ் சட்டியோடு நான் பின்னால், இருவரும் வாசல்படி ஏறினோம். திருமணத்துக்கு வந்தவர்களெல்லாம் சுவரைத் தடவித் தடவி, யார் செய்தது என்று கேட்டார்கள். பாடி முதல் பூந்தமல்லி வரை வேலை வந்தது. அண்ணனிடம் பழகி எங்கள் தெருவில் பதினோரு பேர் தச்சரானார்கள்.

கடைசி நாட்களில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. அம்பத்தூர் வழக்கறிஞர் ஒருவரின் புத்தக அறையை அந்தப் பதினோரு பேரே முடித்து, அண்ணனை வண்டியில் அழைத்துப்போய்க் காட்டினார்கள். நாற்காலியில் அமர்ந்தபடியே எட்டிய இடமெல்லாம் விரலை ஓட்டியவர், லேசாக இடைவெளி தட்டிய ஒரு மூட்டில் நிறுத்தினார். “இத்தப் பிரிச்சி மறுபடி மாட்டுங்கடா” என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். மறுவாரம் கண்மூடினார்.

நாள்தோறும் வந்து மருந்து கொடுத்த கம்பவுண்டருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் வணக்கம். கருமாதிக்குள் அண்ணன் சொன்ன அந்த இணைப்பைப் பிரித்து, மயிரிழை தெரியாமல் மாட்டிவிட்டு வந்து நின்ற பதினோரு பேருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வேன்? அண்ணன் இருந்திருந்தால் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்கும் நிறுத்தாமல் அடுத்த சுவருக்குப் போயிருப்பார்.