செயலாளரின் வாடகைக் கார்

தோழிகளே, எனக்கு எதிர்த்துப் பேச வராது. இன்றும் பேசவில்லை.

எங்கள் மலேரியா நிவாரணச் சங்கத்தின் செயலாளர் வழக்கம்போல வாடகைக் காரில் தேனியிலிருந்து சின்னமனூருக்கு, நான் வேலை பார்க்கும் சங்க மருந்து நிலையத்துக்கு வந்தார். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை தீர்ந்துவிட்டது, நன்கொடைப் பணத்தில் வாங்கலாமா என்று கேட்டேன்.

"அது கார் வாடகைக்கே சரியாப் போச்சு ஆத்தா. கார்ல வராட்டி சங்கத்தை எவன் மதிப்பான்? பி.ஏ. படிச்ச பிள்ளைக்கு இதுகூடவா தெரியல?"

வாசலில் ஒரு பெண் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே சாப்பிட உட்கார்ந்ததும் அவளைக் காரில் ஏற்றினேன்.

"கம்பம் ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே. ஐயாதான் சொன்னாக."

"அவுகளா சொன்னாக?" என்று டிரைவர் சிரித்தபடியே கிளப்பினார்.

கை கழுவிவிட்டு வந்தவர், "கார் எங்கன?" என்று கத்தினார்.

"சங்க வேலையாப் போயிருக்கு, ஐயா."

கடைசியில் வைக்கோல் வண்டியில் ஏறித்தான் தேனிக்குக் கிளம்பினார். நாளை எனக்கு வேலை இருக்காது. பரவாயில்லை. உங்களில் தேனியில் இருப்பவர்கள், அவர் வண்டியிலிருந்து இறங்கிய கோலத்தைப் பார்த்திருந்தால் எனக்கு ஒன்று விடாமல் எழுதுங்கள்.