கத்திரியண்ணனின் வலது கால்

கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே நுழைந்ததும் கத்திரியண்ணன் செய்கிற முதல் வேலை தன் உள்ளங்காலைப் பார்ப்பதுதான். முடி வெட்டி முடித்ததும் வந்தவருக்குப் பின்மண்டையைக் காட்ட ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்பார்களே, அதை எடுத்துக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் இடது கால், அப்புறம் வலது கால் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டு, கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஷட்டரை முழுசாகத் தூக்குவார். எந்தக் கண்ணாடியில் தங்கள் அழகைப் பார்க்கிறோம் என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போயிருப்பார்கள்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. சர்க்கரை என்றால் மற்றவர்களுக்கு இனிப்பு ஞாபகம் வரும், இவருக்குத் தன் சொந்த அண்ணனின் வீட்டு வாசல் ஞாபகம் வரும். அங்கே இடது செருப்பு மட்டும் ஒற்றையாகக் கிடக்கும். அண்ணன் முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். ஒருநாள் ஆஸ்பத்திரியில் மெல்லிய நைலான் இழை ஒன்றால் அவருடைய பாதத்தைத் தொட்டுத் தொட்டு, “தெரியுதா, தெரியுதா?” என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றார். நோட்டில் ‘உணர்ச்சி இல்லை’ என்று எழுதினார்கள். ஒன்றரை வருஷத்தில் வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

நடுவில் அண்ணன் புண்ணை மறைத்ததும், மருந்தை நிறுத்தியதும், யார் சொல்லியும் கேட்காததும் தம்பிக்கு மறந்தே போயிற்று. நோட்டில் எழுதினார்கள், கால் போயிற்று. இது மட்டும்தான் மனசில் நின்றது. பயந்தவன் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

அந்தப் பயத்தை வைத்தே வீட்டுக்காரி குடும்பத்தை ஓட்டினாள். அவருக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் தனியாக வைத்திருந்தாள். அந்தக் கிண்ணம் அளவு சோறு, அதைப்போல ரெண்டு பங்கு காய், ஒரு முட்டை. அவ்வளவுதான்.

“இன்னும் ஒரு கரண்டி போடேன். குருவிக்கு வைக்கிற மாதிரி வைக்கிற.”

“போடுறேன். எனக்கென்ன? அப்புறம் உங்க அண்ணன் வீட்டு வாசல் மாதிரி நம்ம வாசலும் ஆகும், பரவாயில்லையா?”

பேச்சு அத்தோடு முடியும். மனுஷன் காயை மெல்ல ஆரம்பித்துவிடுவார்.

கடைக்குப் பக்கத்தில் பேக்கரி இருப்பது வேறு ஒரு தண்டனை. பதினோரு மணிக்கு பன் வேகிற வாசனை வரும். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முடி வெட்ட முடியுமா? ஒரு சனிக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார். கணக்கு வாத்தியாரின் கழுத்தில் சவரக்கத்தியை வைத்த நேரம் பார்த்து விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. சர்க்கரை சட்டென்று இறங்கி உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. “ஒரு நிமிஷம் சார், கத்தி மழுங்கிடுச்சு” என்று சொல்லித் திரும்பி, சீப்பு வைக்கிற இழுப்பறையில் இருந்த நாலு பிஸ்கட்டையும் வாயில் திணித்துக்கொண்டு நின்றார். வாத்தியார் கண்ணை மூடியபடி, “நல்லாத் தீட்டுங்க அண்ணே, அவசரமே இல்லை” என்றார். நல்ல மனுஷன், பாவம். தன் கழுத்து எங்கே போய்த் திரும்பியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அதற்காகக் கத்திரியண்ணனைப் பெரிய யோக்கியர் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாலு வருஷம் டாக்டரம்மாவை அவர் ஏமாற்றாத ஏமாற்று இல்லை. ரத்தம் எடுக்கப் போவதற்கு மூன்று நாள் முன்னால் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பார். ரிசல்ட் நன்றாக வரும். திரும்புகிற வழியிலேயே பேக்கரியில் நுழைந்துவிடுவார். பிறகு டாக்டரம்மா மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுகிற சோதனையை எழுதிக் கொடுத்தார். குட்டு உடைந்துபோயிற்று. அன்றைக்கு வாங்கிய திட்டில் அவருக்கு ஒரு வாரம் காது குடைந்தது.

போன வருஷம் டாக்டரம்மாவின் கிளினிக்கில், நர்ஸ் அந்த நைலான் இழையைக் கையில் எடுத்தாள். பார்த்ததுமே அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க அண்ணே, இது குத்தாது. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க. நான் தொட்டதும் ‘இப்ப’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் கை கழுவுகிற தொட்டி. தொட்டிக்கு மேலே கண்ணாடி. முப்பத்தைந்து வருஷமாகக் கண்ணாடி வழியாகவே மனிதர்களைப் பார்த்துப் பழகிய கண், அது சும்மா இருக்குமா? கட்டில் முனையில் நீட்டியிருந்த தன் பாதம் தெரிந்தது, நர்ஸின் விரல் தெரிந்தது, இழை வளைவது தெரிந்தது.

அவள் இழையை வைத்தாள். காலில் ஒன்றும் தெரியவில்லை.

“இப்ப” என்றார்.

குதிகாலுக்குப் போனாள். “இப்ப.” பெருவிரலுக்கு வந்தாள். “இப்ப.” ஒன்றுகூடத் தப்பவில்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டே நோட்டில் ‘உணர்ச்சி நன்று’ என்று எழுதினாள். வீட்டுக்காரி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். அவருக்குத் தூக்கமே வரவில்லை. தொட்டது தெரியவில்லையே, தொட்டது தெரியவில்லையே என்று அதே நினைப்பு. அடுத்த நாளிலிருந்துதான் கைக்கண்ணாடியில் உள்ளங்கால் பார்க்கிற வழக்கம் ஆரம்பமானது. உலகத்துக்கு நல்ல காலைக் காட்டிவிட்டு, காவலுக்குத் தான் ஒருவராக நின்றார்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முடி வெட்டுகிறவர்களுக்கு முடியே எதிரி. மெஷினில் ஒட்ட வெட்டிய முடித்துண்டு ஊசி மாதிரி இருக்கும், காலில் ஏறிவிடும். சுருக்கென்று வலிக்கும், இடுக்கியால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த தலையைப் பார்ப்பார்கள். அவரும் வாரத்துக்கு ஒன்று பிடுங்கிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் இந்த ரெண்டு வருஷமாக ஒரு முடியும் குத்தியதில்லை. “தோல் தடிச்சுப் போச்சு, இனிமே இரும்புக் கால்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூடின ஷூ போடுங்கள் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வாங்கிய ஷூ பெஞ்சுக்கு அடியில் டப்பாவோடு கிடந்தது. நாள் முழுக்க நிற்கிறவனுக்கு ஷூவில் கால் வேகும் என்று திறந்த செருப்பையே போட்டுக்கொண்டு, வெட்டி விழுந்த முடிக்குள் அங்கேயும் இங்கேயும் நடந்தார்.

வீட்டுக்காரிக்கு லாண்டரியில் வேலை. கறை என்றால் கண்கொத்திப் பாம்பு. ஒரு திங்கட்கிழமை காலையில் படுக்கை விரிப்பை உருவியவள், கால் வைக்கிற பக்கம் மஞ்சளாக ஒரு பொட்டைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்க, இது என்ன?”

“டீ கொட்டியிருக்கும்.”

“ஏன், காலால டீ குடிக்கிறீங்களா?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “நான்தான் தினமும் பார்க்கிறேனே, ஒண்ணும் இல்லைடி” என்று இழுத்துக்கொண்டார். அவள் விட்டால்தானே! அவரைக் கட்டிலில் தள்ளி உட்கார வைத்து, வலது காலை மடியில் போட்டுக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து ஊறிக் கிடந்தது. நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து கறுப்பாக ஒரு முடி நுனி எட்டிப் பார்த்தது. அவள் ஓரத்தை அமுக்கியதும் சீழ் வந்தது.

“வலிக்கலையா?” அவள் குரல் மாறிவிட்டது.

“இல்லை.”

“இவ்வளவு பெரிசா இருக்கு, வலிக்கலையா உங்களுக்கு?”

கைக்கண்ணாடி உள்ளங்காலைக் காட்டும், விரலிடுக்கைக் காட்டுமா? இத்தனை மாதம் தினமும் பார்த்துப் பார்த்து இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். ஒற்றைச் செருப்பு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. “முழங்கால்ல எடுப்பாங்களா? முழங்காலுக்கு மேலயா?” என்று அவளையே கேட்டார். அவள் ஆட்டோ கூப்பிடப் போனாள்.

கிளினிக்கில் டாக்டரம்மா புண்ணைக் கீறிக் கழுவினார். ஒரு முடி இல்லை, ஏழு முடித்துண்டுகள் வந்தன. கீறும்போதும் அவருக்கு வலிக்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் தாங்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படம் வருகிற வரைக்கும் அவர் எக்ஸ்ரே அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலும்புக்குப் போகலை. இந்தத் தடவை தப்பிச்சீங்க” என்றார் டாக்டரம்மா. உயிர் போய் உயிர் வந்தது. வீட்டுக்காரி சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே நோட்டைப் புரட்டினார். பேனா நின்றது.

“போன தடவை காலில் உணர்ச்சி நல்லா இருக்குன்னு எழுதியிருக்கே. அப்புறம் எப்படி இத்தனை நாள் வலி தெரியாம இருந்துச்சு?”

தப்பிக்க வழி கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. வேலை மும்முரம் டாக்டர், கவனிக்கலை டாக்டர் என்று பூசி மெழுகிவிடலாம். எலும்புதான் தப்பித்துவிட்டதே. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், நோட்டில் ‘நன்று’ என்றே இருக்கும், நாளைக்கு மறுபடி கண்ணாடியும் உள்ளங்காலுமாகக் காவல் நிற்கலாம். வாயைத் திறந்தார். டாக்டரம்மா பக்கத்தில் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் முடித்துண்டுகள் ஏழும் கிடந்தன.

“பொய் சொல்லிட்டேன் டாக்டர்.”

“என்ன பொய்?”

“எனக்கு ஒண்ணுமே தெரியலை. அந்தக் கண்ணாடியில பார்த்துப் பார்த்து ‘இப்ப, இப்ப’ன்னு சொன்னேன். நீங்க இல்லைன்னு எழுதிட்டா எங்க அண்ணனுக்கு ஆன மாதிரி ஆயிடும்னு… பயமா இருந்துச்சு டாக்டர். இப்பவும் பயமாத்தான் இருக்கு.”

வீட்டுக்காரி கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் கதை தெரிந்த டாக்டரம்மாவும் கோபப்படவில்லை. “எழுதினதால உங்க அண்ணனுக்குக் கால் போகலை. எழுதின பிறகும் பார்த்துக்காம விட்டதாலதான் போச்சு” என்று சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் அதே இழையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஒரு நிமிஷம் தங்கச்சி,” என்றார் கத்திரியண்ணன். “அந்தக் கண்ணாடியை மூடிடுங்க. என் கண்ணை எனக்கே நம்பிக்கை இல்லை.”

நர்ஸ் ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியின்மேல் தொங்கவிட்டாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு, போதாதென்று கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டார். வீட்டுக்காரி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கால் புண் இல்லாத கால், இந்தத் தடவை அதிலாவது தெரியும், முதல் தொடுதலையே விட்டுவிடக் கூடாது என்று உயிரையெல்லாம் பாதத்தில் வைத்துக் காத்திருந்தார். ‘இப்ப’ என்கிற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கையைப் பிடித்திருந்த வீட்டுக்காரியின் பிடி மெல்ல இறுகியது, அது நன்றாகத் தெரிந்தது.

அவரால் பொறுக்க முடியவில்லை. “சீக்கிரம் ஆரம்பிங்க தங்கச்சி, பயத்துல நெஞ்சு அடைக்குது” என்றார்.

இழையை டப்பாவுக்குள் வைத்து மூடுகிற சத்தம் கேட்டது.

“ரெண்டு காலும் முடிச்சிட்டேன் அண்ணே” என்றாள் நர்ஸ்.