கைவினை பீரும் காலித் தொட்டியும்

பாரில் வேலை என்றால் பீர் ஊற்றுவது என்று நம்பிச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், ஊற்ற வேண்டியது கதையை என்று. மேனேஜர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிச் சம்பளம் வாங்கும் என் இனத்தாரே, ஒரகடத்து ஓட்டல் ஒன்றில் நான் ஊற்றியதைக் கேளுங்கள்.

செம்புத் தொட்டி

கிராஃப்ட் பீர் என்றால் கொஞ்சமாக, அங்கேயே, அக்கறையாகக் காய்ச்சுவது. எங்கள் மேனேஜருக்கு அதில் பிடித்தது விலை மட்டும். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளவென்று ஒரு செம்புத் தொட்டியை நிறுத்தினார். உள்ளே வெறும் காற்று. நானும் சீனியர் ஆரோக்கியமும் சமையலறையில் சாதாரண பாட்டில் பீரை மண்குவளையில் ஊற்றி எடுத்து வருவோம். ஆரோக்கியம் பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர். "கையால காய்ச்சுனதுன்னு போர்டுல போட்டுகீதே, இன்னா சார் இது?" என்று கேட்டே விட்டார். மேனேஜர் சிரிக்கக்கூட இல்லை.

"மூடியக் கையாலதானே தொறக்கறீங்க? அப்புறம் என்ன?"

மண்வாசனை

கார் கம்பெனி அதிகாரி ஒருவர் வருவார். ஜெர்மனிக்கு ட்ரெயினிங் போய் வந்ததிலிருந்து நுரையைப் பார்த்தே பீரின் ஊரைச் சொல்லிவிடுவாராம். கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார். "மண்வாசனை வருது பாருங்க" என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தார். குவளை அன்று வந்த புதுச்சரக்கு. பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வாசனைதான் வரும்.

"இதாம்ப்பா ஒரிஜினல். பாட்டில் பீர் குடிக்கிறவன் மனுஷனே இல்ல."

கம்பு பீர்

அடுத்து மெனுவில் 'கம்பு பீர், பார்லி கலக்காதது' என்று ஏறியது. அதே பாட்டில்தான். ஒருநாள் சுங்குவார்சத்திரம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அதில் ஒல்லியான ஒருவர் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, பார்லி, கோதுமை எனக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். இது கம்புதானே?"

மேனேஜர் கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பழகிப்போன 'ஆமா சார்' அன்று வாயில் வரவில்லை. "குடிக்காதீங்க சார். பார்லிதான். அந்தத் தொட்டியே காலி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று குவளையைத் தள்ளி வைத்தார். பாரே ரெண்டுபடும் என்று நான் காத்திருக்க, பக்கத்திலிருந்த நண்பர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவனுக்குத்தான் ஒத்துக்காது. எங்களுக்கு இன்னொரு ரவுண்டு கொண்டா."

வழியனுப்பு

மறுநாள் யூனிஃபார்மைக் கழற்றச் சொல்லிவிட்டார் மேனேஜர். தூத்துக்குடியில் இருக்கும் அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பைக் ஸ்டாண்டில் நின்றேன். ஆரோக்கியம் பின்னாலேயே வந்தார். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், மேனேஜரை எதிர்க்க முடியாது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"நீ கத்திச் சொன்ன, மாட்டிக்கினே. அந்தாளு மாதிரி ஒத்துக்காதவங்க யாராச்சும் வந்தா நான் கண்ணக் காட்டிடுறேன், போ."

ஏமாற்றிய மேனேஜருக்குப் பதவி உயர்வு, ஏமாந்தவர்களுக்கு இன்னொரு ரவுண்டு, உள்ளதைச் சொன்ன எனக்கு இருங்காட்டுக்கோட்டை கம்பெனி கேண்டீனில் சாம்பார் வாளி என்று, இந்தத் தொழில் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.