கயானாவின் மிச்சப் பாதி

தங்கராசாவுக்குக் கிழமை நாட்களில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும் மொன்றியலின் செயின்ட்-மிஷேலில், ஒரு பல்வைத்தியருக்கு மேல்மாடியில் இயங்கும் சின்னத் தமிழ் வானொலியில் உலகப் பொருளாதாரம் பேசுவார். சம்பளம் கிடையாது. கடைகண்ணியில் நாலு பேர் 'செய்தி அண்ணன்' என்று கூப்பிட்டால் போதும், மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன வருடம் கயானாவைப் பிடித்தார். தென்னமெரிக்காவின் ஒரு மூலையில், மொன்றியலின் பாதிச் சனம்கூட இல்லாத நாடு. கடலில் எண்ணெய் கண்டார்கள், உலகத்திலேயே அதிவேகமாக வளரும் பொருளாதாரம் இப்போது அதுதான் என்று தொண்டை அதிர வாசித்தார். அது முதற் பாதி. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு எண்ணெய் கப்பலேறிப் போவதால் வருவது, ஊருக்குள் வாடகையும் சாமான் விலையும் ஏறுகின்றன, புள்ளிவிவரத்தை நம்பிச் சாதாரண ஆள் பெட்டி கட்டக் கூடாது என்பது இரண்டாம் பாதி. அதற்குள் ஒரு மரண அறிவித்தல் வந்துவிட்டது. நம்மவர் வானொலியில் சாவு காத்திருக்காது. பிந்தினால் செத்த வீட்டார் சண்டைக்கு வருவார்கள். இரண்டாம் பாதி சட்டைப்பைக்குள் போனது. அடுத்த கிழமை வாசித்திருக்கலாம்தான். ஆனால் முதற் பாதிக்குத்தான் எத்தனை பாராட்டு! அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

பாராட்டியவர்களில் ரொக்ஸ்பரோப் பக்கம் குடியிருந்த றெக்ஸும் ஒருவன். குளிர்சாதனப்பெட்டி திருத்துகிறவன், நிரந்தர வேலைக்காரன். வேலையை உதறிவிட்டுக் கயானாவில் கடை போடப் பறந்தான்.

இன்று காலை அவன் மனைவி எலிசா மரண அறிவித்தலோடு படியேறி வந்தாள். மட்டக்களப்பில் றெக்ஸின் தாய் காலமாகிவிட்டார்.

"றெக்ஸ்ட பேரோட கயானா எண்டு வாசியுங்க அண்ணன்."

"அவர் இன்னும் அங்கதானே?"

"இல்ல. வந்து ரெண்டு மாசம். கடை வாடகைய ரெண்டு மடங்காக்கினா மனிசன் என்ன செய்யிற? வெக்கத்தில வெளிய தலைகாட்டாம வீட்டுக்குள்ளயே இருக்கார். மகன் அங்க முதலாளி எண்டு நினைச்சுத்தான் மாமி கண்ண மூடினா."

குற்றம் யாருடையது என்று தங்கராசாவுக்குத் தெரியும்.

"எலிசா, நான் அண்டைக்குப் பாதிதான் சொன்னன். வாடகைக் கதை மற்றப் பாதியில இருந்தது."

திட்டுவாள், திட்டினால் கொஞ்சம் ஆறும் என்று பார்த்தார். அவள் திட்டவில்லை.

"அவர்ட கதைய மட்டும் வெளிய விட்டுடாதீங்க."

வாசித்தார். "கயானாவில் வசிக்கும் றெக்ஸின் அன்புத் தாயாருமாவார்" என்ற இடத்தில் நாக்கு இடறியது. வாசித்து முடித்ததும் நேயர் அழைப்பு ஒன்று வந்தது.

"அண்ணை, கஜந்தினி கதைக்கிறன். அந்தப் பிள்ளை கயானாவில நல்லாத்தான் இருக்கிறார் போல. எங்கட மகன் நிதுசனும் அங்க போகப்போறன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். அனுப்பலாமோ?"

எலிசா குனிந்திருந்தாள். ஒலிப்பதிவுக்காரர் அடுத்த மரண அறிவித்தலை மேசையில் வைத்து, நேரமாகிறது என்று கைகாட்டினார். தங்கராசா அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"இது கொஞ்சம் பொறுக்கட்டும்," என்றார், ஊரே கேட்க. "தங்கச்சி, போனை வைச்சிடாதீங்க. அந்த நாட்டைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லாத பாதி ஒண்டு கிடக்கு."